கராடியின் மீன், காவிரியின் அந்நியன்

அன்று: 1839-இல் வில்லியம் ஹென்றி சைக்ஸ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி தக்காணத்து மீன்களை உலகுக்கு விவரித்தார். அவற்றில் ஒன்று புனேக்குக் கிழக்கே எட்டு மைல் தள்ளி, முளா-முட்டா ஆற்றில் கிடைத்தது. ஊர் வழக்குப் பெயரையே தழுவி அதற்கு ‘குட்ரீ’ என்று பெயரிட்டார். மஹ்சீர் குடும்பத்துப் பெருங்கெண்டை அது. பாறையும் மணலும் கொண்ட, ஓடுகின்ற தெளிந்த நீரில் வளர்வது. அந்த எட்டு மைல், ஏறத்தாழ இன்றைய புனேயின் கராடிப் பகுதியில் வந்து முடிகிறது.

இன்று: கராடிக் கரையில் கண்ணாடிக் கட்டடங்கள். ஆற்றில் நகரத்தின் கழிவுநீர். அதிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரசையும் உண்டு கொழுக்கிறது தென்னமெரிக்காவிலிருந்து வந்த வெங்காயத்தாமரை. இங்கே அதை ‘ஜலபர்ணி’ என்கிறார்கள். அது பாய்போல் மூடிக்கொண்டால் கீழே வெளிச்சமும் இல்லை, பிராணவாயுவும் குறைவு. 2024 பிப்ரவரியில் கேசவ்நகர், கராடிப் பகுதி ஆற்றின் மேல் பூச்சிக் கூட்டம் தூண் தூணாக எழுந்த காட்சி நாடெங்கும் பரவியது. மாசுபட்ட இந்த நீரில் தாக்குப்பிடிப்பது ஜிலேபிக் கெண்டை. 1952-இல் பாங்காக்கிலிருந்து தமிழ்நாட்டின் மண்டபம் ஊருக்கு வந்த மீன் அது. தாய் முட்டைகளை வாயிலேயே வைத்துக் காப்பதால் அதன் குஞ்சுகள் எளிதில் தப்பிப் பிழைக்கின்றன.

குட்ரீயின் கதை வேறு திசையில் போனது. 1970-களிலிருந்து லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் பண்ணை அதன் குஞ்சுகளைப் பெருக்கியது. பல ஆறுகளில் அவை விடப்பட்டன. காவிரியும் அவற்றில் ஒன்று. காவிரிக்கு ஏற்கெனவே சொந்த மஹ்சீர் இருந்தது: 50 கிலோவையும் தாண்டும் திமில் மஹ்சீர். வந்த மீன் பெருகப் பெருக, இருந்த மீன் அருகியது. அணைகளும் மணல் அள்ளுதலும் வெடிவைத்துப் பிடித்தலும் சேர்ந்துகொண்டன. 2018-இல் திமில் மஹ்சீர், அற்றுப்போகும் விளிம்பில் நிற்கும் உயிரினமாக அறிவிக்கப்பட்டது.

சொந்த இடத்தில் தீங்கில்லாத உயிர் வேறிடத்தில் தீங்காகலாம். வட அமெரிக்கக் கழிமுகங்களில் கடற்புல்லை வேரோடு கிளப்பும் பச்சை நண்டும் ஐரோப்பியக் கரையில் சாதாரண நண்டுதான். குட்ரீயும் அப்படியே. குஞ்சுகளை விட்டது நல்லெண்ணத்தோடுதான், ஆனாலும் வேறு ஆற்றுக்குப் போனதும் அதே மீன் தீங்காகிவிட்டது.

ஆகவே மீன்குஞ்சு விடுமுன் அது எந்த ஆற்றுப் பிள்ளை என்று கேட்டாக வேண்டும். காவிரியில் திமில் மஹ்சீரைத்தான் வளர்க்க வேண்டும். கராடியில் ஜலபர்ணியை ஆண்டுதோறும் வாரிக் கொட்டுவது போதாது; அதற்கு உரமிடும் கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகே ஆற்றில் விட வேண்டும். குட்ரீக்குப் பெயர் கிடைத்த நீர் இது. அதில் குட்ரீ மறுபடி நீந்தும் நாளைத்தான் ஆறு பிழைத்த நாள் என்பேன்.