மிதக்கும் ஏர்போர்ட்... மேஸ்திரி எஸ்டிமேட்!

'வீட்டைக் கட்டிப் பார்' என்பார்கள். மேஸ்திரி பன்னிரண்டு லட்சத்தில் ஆரம்பிப்பார். கிரகப்பிரவேசத்தன்று கூட்டிப் பார்த்தால் இருபதைத் தாண்டியிருக்கும். நாலு சுவருக்கே இந்தக் கதி என்றால், கடலில் ஒரு ஏர்போர்ட் கட்டினவர்கள் பாடு?

கொச்சியில் கட்டின 'விக்ராந்த்' விமானம் தாங்கிக் கப்பலைத்தான் சொல்கிறேன். 2002-ல் அரசு ஒப்புக்கொண்ட எஸ்டிமேட் 3,261 கோடி. 2014-ல் திருத்தினபோது 19,341 கோடி! கிட்டத்தட்ட ஆறு மடங்கு. காமர்ஸ் படித்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? கணக்கைத் தோண்ட ஆரம்பித்தேன்.

முதல் வில்லன், இரும்பு. போர்க்கப்பலுக்குத் தனி ஸ்டீல் வேண்டும். உப்புத் தண்ணீரில் அரிக்கக் கூடாது. குண்டு வெடித்தால் பிளக்கக் கூடாது. ரஷ்யாவிலிருந்து வரவேண்டிய ஸ்டீல் வந்து சேரவில்லை. 'அடுத்த கடையில் வாங்கிக்கலாம்' என்பதற்கு இது என்ன முறுக்குக் கம்பியா?

"சரி, நாமே காய்ச்சுவோம்" என்று இறங்கிவிட்டார்கள். ஹைதராபாத்தில் உள்ள ராணுவ உலோக ஆய்வுக்கூடமும் 'செயில்' நிறுவனமும் சேர்ந்து டி.எம்.ஆர். 249 என்ற ஸ்டீலை உருவாக்கின. முதல் தகட்டை வெட்டினது 2005 ஏப்ரலில். கப்பலுக்கு அஸ்திவாரம் போட்டதோ 2009 பிப்ரவரியில்!

அடுத்து கியர் பாக்ஸ் லேட். கப்பல் டாக்கை அடைத்துக்கொண்டு நிற்கிறதே என்று 2011 டிசம்பரில் தண்ணீரில் இறக்கி ஓரமாக நிறுத்தினார்கள். முறையான விழா 2013 ஆகஸ்டில். கடற்படையில் சேர்ந்தது 2022 செப்டம்பர் 2. நீளம் 262 மீட்டர், உள்ளே சுமார் 2,300 அறைகள். ஒரு வழியாகக் கிரகப்பிரவேசம்!

2023 பிப்ரவரியில் விமானங்கள் வந்து இறங்கின. இறங்குவது என்றால் சும்மா இல்லை. விமானத்தின் வாலில் ஒரு கொக்கி. தளத்தின் குறுக்கே இழுத்துக் கட்டின கம்பியில் அது மாட்ட வேண்டும். சக்கரம் தளத்தைத் தொட்டதும் பைலட் எஞ்சினை முழு வேகத்துக்குக் கொண்டுபோவார். ஏன்? கொக்கி மாட்டாவிட்டால் மறுபடி மேலே பறக்க வேண்டாமா!

இந்தத் தாமதம் வெறும் பணக் கணக்கு இல்லை. பழைய விக்ராந்த் 1997-ல் ஓய்வு பெற்றது. அதன்பின் 2013 நவம்பரில் விக்ரமாதித்யா வரும்வரை, நம் கடற்படையிடம் இருந்தது 'விராட்' என்ற ஒரே விமானம் தாங்கி. அது ரிப்பேருக்குப் போனால்? அவ்வளவுதான்!

அப்படியானால் பணம் தண்டமா? பேரேட்டில் வரவுப் பக்கமும் உண்டே, சார். பழைய விக்ராந்த் பிரிட்டனிடம் வாங்கினது. 2014-ல் உடைத்தார்கள். அதன் உலோகத்தில் கொஞ்சம் பஜாஜ் 'வி' பைக்கில் ஏறி, 2016-ல் ஷோரூமுக்கு வந்தது. புது விக்ராந்துக்காகக் காய்ச்சின ஸ்டீலோ, அதற்குப்பின் நம் போர்க்கப்பல்கள் பலவற்றுக்கும் உடம்பாகிவிட்டது. வாங்கினால் கப்பல் மட்டும் வரும். கட்டினால் கைத்தொழிலும் வரும்.

ஆனால் ஒன்று... கை பழகின கொத்தனாரை, வேலை முடிந்ததும் அனுப்பிவிட்டுப் பத்து வருஷம் கழித்து மாடி எடுக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். புது ஆள் வருவார். புது எஸ்டிமேட்டோடு!