புயல் எச்சரிக்கையும் பழவேற்காட்டு ஏரிக்கரைக் கிராமங்களும்

ஐப்பசி முதல் மார்கழி வரையில் வங்காள விரிகுடாவில் புயல்கள் உண்டாவதும், அவற்றுட் சில திருவள்ளூர் ஜில்லாவின் கடற்கரையை அணுகுவதும் யாவரும் அறிந்ததே. மீஞ்சூரைச் சுற்றியுள்ள நஞ்சை நிலங்களில் அது சம்பாப் பயிர் வளர்ந்து கதிர் வாங்கும் பருவம். பழவேற்காட்டு ஏரியை நம்பிய மீனவர் குப்பங்களில் வலைத்தொழில் நடைபெறும் பருவம். ஆகையால் வானிலை இலாகாவின் அறிவிப்புக்குச் சரியான பொருள் கொள்ளுதல் இப்பகுதியின் மிராசுதாரர்களுக்கும் கிராம அதிகாரிகளுக்கும் மிகவும் அவசியம். புயல் எவ்வளவு கடுமையானது என்று மட்டும் கேட்பது போதாது. அது ஏரிக்கு வடக்கே கரை கடக்குமா, தெற்கே கரை கடக்குமா என்பதும் அதே அளவு முக்கியமாகும்.

புயலின் இயல்பு

கடல் மேற்பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 26½ டிகிரி சென்டிகிரேடும் அதற்கு மேலும் உள்ள இடத்தில், நீராவி நிறைந்த காற்று மேலெழும்புவதால் அவ்விடத்தில் காற்றின் அழுத்தம் குறைகிறது. சுற்றிலுமுள்ள காற்று அதனை நோக்கி ஓடி வருகையில், பூமியின் சுழற்சி காரணமாக நேரே செல்லாமல் வளைந்து சுற்றுகிறது. பூமத்திய ரேகைக்கு வடக்கே இச்சுற்று கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் அமையும். பாம்பு சுருண்டு கிடப்பதை ஒத்திருப்பது பற்றி, கல்கத்தாவில் வசித்த ஹென்றி பிடிங்டன் என்பார் 1848-ம் வருஷத்தில் இதற்கு 'சைக்ளோன்' என்ற பெயரை வழங்கினார்.

காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீட்டரை எட்டினால் அது காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62 கிலோமீட்டரில் புயல். 89-ல் கடும் புயல். 118-ல் மிகக் கடும் புயல் என வானிலை இலாகா வகுத்துள்ளது.

வடக்கும் தெற்கும்

கிழக்கிலிருந்து வரும் புயல் சென்னைக்கு அருகிலோ அதற்குத் தெற்கிலோ கரை கடப்பதாகக் கொள்வோம். அப்பொழுது பழவேற்காடு புயலின் வலப்புறத்தில் இருக்கும். அங்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசி, கடல் நீரை முகத்துவாரத்தின் வழியே ஏரிக்குள் தள்ளும். அதே சமயத்தில் ஆரணியாற்றிலும் கொசஸ்தலையாற்றிலும் வெள்ளம் வருமாயின், அது கடலில் வடிய வழியின்றித் தேங்கும். தாழ்ந்த வயல்களில் உவர்நீர் ஏறுவதும் குப்பங்களில் தண்ணீர் புகுவதும் இவ்வாறே. புயல் ஸ்ரீஹரிகோட்டாவுக்கு வடக்கே கடக்குமாயின், பழவேற்காட்டில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கடல் ஏறும் அபாயம் குறையும். ஆயினும் மரங்களும் கூரைகளும் வீழும் அபாயமும், படகுகள் ஆழ்கடலுக்கு அடித்துச் செல்லப்படும் அபாயமும் நீங்குவதில்லை.

கடல் ஏறுதலின் கொடுமைக்கு 1977-ம் வருஷம் நவம்பர் 19-ந் தேதி ஆந்திரத்தின் திவிசீமையில் நேர்ந்ததே சான்றாகும். அங்கே ஆயிரக்கணக்கான ஜனங்கள் உயிரிழந்ததற்குக் கடல் நீர் நிலத்தில் புகுந்ததே பெருங்காரணம்.

புயலைப் பின்தொடரும் முறை

முற்காலத்தில் கப்பல்களிலும் கரையிலும் பாரமானியைப் பார்த்துத் தந்தியில் அனுப்பிய குறிப்புகளைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. 1875-ம் வருஷத்தில் இந்திய வானிலை இலாகா ஏற்பட்டது. இக்காலத்தில் 2013-ல் ஏவப்பட்ட இன்சாட்-3டி முதலிய செயற்கைக் கோள்கள், புயல் நடுக்கடலில் தோன்றும்போதே அதைப் படம் பிடித்து வந்துள்ளன. கரையை அணுகியபின், சென்னைத் துறைமுகத்திலும், பழவேற்காட்டு ஏரிக்கு அக்கரையில் ஸ்ரீஹரிகோட்டாவிலும் நிறுவப்பட்ட ராடார் கருவிகள் மழை மேகங்களின் சுற்றையும் மையத்தின் இடத்தையும் காட்டும். இவற்றைக் கணிப்பொறிகளில் சேர்த்து, புயல் செல்லும் வழியைக் கணக்கிடுகின்றனர்.

இக்கணக்கிலும் பிழை உண்டு. சமீப வருஷங்களில் 24 மணி நேரத்திற்கு முந்திய கணிப்பு, சராசரியாக 75 முதல் 80 கிலோமீட்டர் வரை தவறுகிறது. சென்னைக்கும் பழவேற்காட்டிற்கும் இடையிலுள்ள தூரம் இதனிலும் குறைவு. எனவே 'சென்னைக்கு அருகே கரை கடக்கும்' என்று முதல் நாள் வரும் அறிவிப்பு, ஏரிக்குத் தெற்கு, வடக்கு ஆகிய இரண்டையும் தன்னுள் அடக்கியதாகும். படத்தில் காணும் நடுக்கோட்டை மட்டும் நம்பாமல், அதன் இருபுறமும் விரிந்துள்ள பட்டையை முழுவதும் அபாயப் பிரதேசமாகக் கொள்ள வேண்டும்.

மூன்று உதாரணங்கள்

2010-ம் வருஷத்து 'ஜல்' புயல் கடலில் கடுமையாயிருந்து, நவம்பர் 7-ந் தேதி சென்னைக்கு அருகே கரை கடக்குமுன் வலிமை குன்றிற்று. 2016-ம் வருஷத்து 'வர்தா' புயலோ டிசம்பர் 12-ந் தேதி பிற்பகலில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட காற்றுடன் சென்னைக்கு அருகே கடந்து, ஆயிரக்கணக்கான மரங்களை வீழ்த்திற்று. 2023-ம் வருஷத்து 'மிக்ஜாம்' இக்கரையைக் கடக்கவேயில்லை. டிசம்பர் 5-ந் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே கடந்தது. ஆயினும் அதற்கு முன் சென்னைக்கு எதிரே கடலில் மெதுவாக நகர்ந்தமையால், பெருமழை பொழிந்து வெள்ளம் தேங்கியது. முந்திய புயல் பொய்த்ததென்று அடுத்த எச்சரிக்கையை அலட்சியம் செய்வதும், கரை கடக்கும் இடம் தூரமென்று வெள்ளத்தை மறப்பதும் ஒரே விதமான தவறுகளாம்.

எச்சரிக்கையின் நான்கு படிகள்

முதலாவது, 72 மணி நேரத்திற்கு முன் அதிகாரிகளுக்கு அனுப்பப்படும் முற்குறிப்பு. இரண்டாவது, 48 மணி நேரத்திற்கு முன் மஞ்சள் நிறக் குறியுடன் வருவது. மூன்றாவது, 24 மணி நேரத்திற்கு முன் ஆரஞ்சு நிறக் குறியுடன் வருவது. நான்காவது, 12 மணி நேரத்திற்கு முன் சிவப்புக் குறியுடன், கரை கடந்தபின் உள்நாட்டில் நேரக்கூடியதைத் தெரிவிப்பது. துறைமுகங்களில் ஏற்றப்படும் 1 முதல் 11 வரையுள்ள கூண்டுகள் கப்பல்களுக்கு உரியவை. இவற்றுள் 8 முதல் 10 வரை பேரபாயத்தையும், 11 செய்தித் தொடர்பு அற்றதையும் குறிக்கும்.

காற்றின் திசையால் அறிதல்

மின்சாரமும் தொலைபேசியும் நின்றபின், காற்றே செய்தி சொல்லும். காற்று முதுகில் படுமாறு நின்று இடக்கையை நீட்டினால், ஏறக்குறைய அத்திசையில் புயலின் மையம் இருக்கும். காற்று வடகிழக்கிலிருந்து கிழக்கிற்கும், பின் தென்கிழக்கிற்கும் மாறினால் புயல் ஊருக்குத் தெற்கே கடக்கிறது. கடல் ஏறுமென எதிர்பார்க்க வேண்டும். வடமேற்கிலிருந்து மேற்கிற்கும், பின் தென்மேற்கிற்கும் மாறினால் வடக்கே கடக்கிறது. திசை மாறாமல் வடக்கிலிருந்து வலுத்து வந்த காற்று திடீரென அடங்குமாயின், மையமே ஊரின் மேல் வந்ததாகும். அந்த அமைதியைப் புயலின் முடிவென்று எண்ணி வெளியே வருதல் உயிருக்கு ஆபத்து. சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று அதே வேகத்துடன் வீசும்.

செய்யத்தக்கவை

மஞ்சள் குறி வந்தவுடன் வடிகால்களைத் தூர் நீக்கி, ஏரிப்பக்கத்துக் கரைகளின் உடைப்புகளை அடைத்து, முற்றிய கதிரை அறுத்து மேடான இடத்தில் சேர்க்கலாம். மேலுரம் இடுவதை நிறுத்துக. படகுகளையும் வலைகளையும் கரையேற்றிக் கட்டுக. கடலில் உள்ளோரைத் திரும்ப அழைக்கும் பொறுப்பைக் கிராம அதிகாரிகள் இக்கட்டத்திலேயே ஏற்க வேண்டும். ஆரஞ்சு குறி வந்தபின் முகத்துவாரத்தைப் படகில் கடத்தல் கூடாது. குழந்தைகளையும் முதியோரையும் கால்நடைகளையும் பகலிலேயே மேட்டு நிலத்திற்கும் புகலிடங்களுக்கும் அனுப்புதல் நலம்.

உவர்நீர் ஏறிய வயலில் அதனைத் தேங்க விடலாகாது. கடல் மட்டம் தாழ்ந்தவுடன் வடித்துவிட்டு, மழை நீரைத் தேக்கிப் பலமுறை வடிக்க, உப்பு பெரும்பகுதி கழியும். நெற்பயிர் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உப்பைத் தாங்காது. ஆகையால் அப்பருவத்து வயல்களை முதலில் கவனிக்க வேண்டும்.

முன்னறிவிப்பு வெளியான பின்னும், ஊர் முழுவதும் நிச்சயத்தை எதிர்பார்த்துக் காத்திருக்குமாயின், அவ்வறிவிப்பால் பயன் இல்லை. வாராத புயலுக்காக வரப்பை அடைத்த கூலி சிறு நஷ்டமே. வந்த புயலுக்கு அடைக்காத வரப்பினால் ஒரு போகமும், சில சமயம் உயிர்களும் போம் என்பதை யாவரும் மனத்திற் கொள்வாராக.