டரன்டுலாவுக்கு எப்போ கரப்பான் போடக் கூடாது?

போன எபிசோட்ல என் சிலந்தியைப் பத்திப் பேசினதுக்கப்புறம் வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான்: "உயிரோட கரப்பான் பூச்சியையா போடுறீங்க?" ஆமா, போடுறேன். ஆனா எப்போ போடக் கூடாதுங்கிறதுதான் முக்கியமான விஷயம். இன்னைக்கு அதைப் பேசலாம்.

நான் இருக்கிறது லண்டன்ல. இங்க டரன்டுலா வளர்க்க லைசென்ஸ் தேவையில்லை. என்கிட்ட இருக்கிறது மெக்சிகன் ரெட்நீ. மெக்சிகோவோட பசிபிக் கரைப் பக்கம்தான் அதுக்குச் சொந்த ஊர். பெண் சிலந்திங்கிறதால 20 வருஷத்துக்கு மேலயும் வாழும்.

முதல்ல கரப்பான். கிச்சன்ல ஓடுறதைப் பிடிச்சுப் போடவே கூடாது. அது எங்கேயாவது பூச்சிமருந்தைத் தின்னுட்டு வந்திருக்கலாம், அந்த விஷம் சிலந்தியையும் கொன்னுடும். நாங்க வாங்குறது 'டூபியா'ன்னு ஒரு தென் அமெரிக்க இனம். வழவழப்பான கண்ணாடியில அதால ஏற முடியாது. நல்ல சூடு இல்லாம பெருகாது, அதனால ஒண்ணு தப்பிச்சாலும் இந்த ஊர்க் குளிர்ல வீடு முழுக்கப் பரவிடாது. (எங்க அம்மா இதை இன்னும் நம்பலை.)

அளவு? கரப்பான், சிலந்தியோட வயித்தை விடப் பெருசா இருக்கக் கூடாது. வளர்ந்த சிலந்திக்கு வாரத்துக்கு ஒண்ணு, இல்லைன்னா ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு போதும்.

உயிரோடதான் கொடுக்கணுமா? கட்டாயம் இல்லை. டரன்டுலாவுக்குக் கண் பார்வை ரொம்ப மோசம். தரையோட அதிர்வையும் காத்தோட அசைவையும் ரோமங்களால உணர்ந்துதான் வேட்டையாடும். அதனால அசையுற இரையை உடனே பிடிக்கும். ஆனா செத்த பூச்சியையும் பல சிலந்திகள் சாப்பிடும், குட்டிகளுக்கு அப்படித்தான் கொடுக்கிறோம். டூபியாவுக்கு இன்னொரு பழக்கம்: போட்ட உடனே தேங்காய் நார்த்தூளுக்குள்ள புதைஞ்சு ஒளிஞ்சுக்கும். அதனால நான் இடுக்கியால தலையை நசுக்கிட்டுப் போடுவேன். கேட்கக் கொடூரமா இருக்கும். ஆனா அந்தப் பூச்சிக்கும் அது சீக்கிரம் முடிஞ்சுடும், மண்ணுக்குள்ள உயிரோட ஒண்ணு ஒளிஞ்சிருக்குங்கிற பயமும் இல்லை.

அந்த பயம் எதுக்குன்னா, சிலந்தி சட்டை உரிக்கும். பாம்பு மாதிரியேதான், ஆனா கால், நச்சுப்பல், வயித்துக்குள்ள இருக்கிற உறுப்போட உள்தோல் வரைக்கும் எல்லாம் புதுசாகும். மல்லாந்து படுத்துக்கிட்டு மணிக்கணக்குல உரிக்கும். முதல் தடவை பார்க்கிறவங்க செத்துப்போச்சுன்னு நினைச்சுத் திருப்பிப் போடுவாங்க. தயவுசெஞ்சு தொடாதீங்க. செத்த சிலந்தி பொதுவா காலை உள்ள மடக்கிக்கிட்டுக் குப்புறத்தான் கிடக்கும்.

உரிச்ச உடனே உடம்பு வெண்ணெய் மாதிரி மெத்துன்னு இருக்கும், நச்சுப்பல் வெள்ளையா இருக்கும். கடிக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. அந்த நேரத்துல பசியில சுத்துற ஒரு கரப்பான், இல்லைன்னா வெட்டுக்கிளி பக்கத்துல இருந்தா, அது சிலந்தியைக் கடிச்சுத் தின்ன ஆரம்பிச்சுடும். வேட்டைக்காரன் யார், இரை யார்ங்கிறதே தலைகீழாயிடும்.

அறிகுறி இருக்கு. சாப்பாட்டை ஒதுக்கும். வயிறு கருத்துப் பளபளப்பாகும், ரோமம் உதிர்ந்த வழுக்கை இடம் இருந்தா அதுல நல்லாவே தெரியும். அப்போ எதுவும் போடாதீங்க. சாதாரண நாள்லயும் போட்ட இரையை 24 மணி நேரத்துக்குள்ள தொடலைன்னா வெளிய எடுத்துடுங்க. உரிச்சு முடிஞ்சதும் பெரிய சிலந்தின்னா ரெண்டு வாரமாவது பொறுங்க. பல் வெள்ளையில இருந்து சிவந்து, அப்புறம் கருப்பாகணும்.

மாசக்கணக்குல சாப்பிடலைன்னாலும் பதற வேண்டாம். வயிறு உருண்டையா இருக்கிற வரைக்கும் அது தாங்கும். தண்ணிக் கிண்ணம் மட்டும் காயாம பார்த்துக்கோங்க.