ஓவர்டிரைவ் விழவில்லையா? அடுப்படிக்கு வாங்க

சப்பாத்திக் கட்டையை மேடைமேல் கிடத்தி, அதன்மேல் ஒரு தாம்பாளத்தை வையுங்கள். தாம்பாளத்தை மெல்லத் தள்ளுங்கள். கட்டை ஒரு சாண் உருண்டிருந்தால் தாம்பாளம் இரண்டு சாண் போயிருக்கும்.

கலவை என்ற ஊரில் எங்கள் வீட்டு அடுப்படியில் நண்பர் ஒருவருக்கு இதைச் செய்துகாட்டினேன். சென்னையிலிருந்து பழைய ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரை ஓட்டி வந்திருந்தார். வேகம் குறையாமல் என்ஜின் சுழற்சியை மட்டும் குறைக்கும் ஓவர்டிரைவ் அந்த வண்டியில் விழவில்லை. ஒரு பட்டறையில், "கியர்பாக்ஸை இறக்கணும், வேற வழி இல்ல" என்று சொல்லிவிட்டார்களாம். முகம் வாடிப்போயிருந்தது.

ஸ்பிட்ஃபயர் நமக்கு அந்நிய வண்டி இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரான அதே காரின் சேஸிஸைத்தான் இங்கிலாந்தில் நீளம் குறைத்து, 1962-இல் இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காராக்கினார்கள். மறு ஆண்டே அதில் ஓவர்டிரைவும் கேட்டு வாங்கலாம் என்றானது. எட்கர் டி நார்மன்வில் என்ற பொறியாளர் வடிவமைத்து, ஷெஃபீல்டில் லேகாக் நிறுவனம் செய்த கருவி அது. 1953-இல் பெல்ஜியத்தின் யாபெக் சாலையில் ட்ரையம்ப் டிஆர்2 மணிக்கு 124 மைல் வேகத்தைத் தொட்டபோது இதே குடும்பத்து ஓவர்டிரைவ்தான் போடப்பட்டிருந்தது.

தாம்பாளத்துக்கு வருவோம். ஓவர்டிரைவுக்குள் நடுவில் ஒரு சிறிய பல்சக்கரம், அதைச் சுற்றி உருளும் மூன்று குட்டிச் சக்கரங்கள், எல்லாவற்றையும் சூழ்ந்து உள்பக்கம் பல் வெட்டிய ஒரு பெரிய வளையம். நடுச்சக்கரம்தான் மேடை, குட்டிச் சக்கரங்கள் கட்டை, வளையம் தாம்பாளம். கியர்பாக்ஸ் குட்டிச் சக்கரங்களைச் சுழற்றும். பின்சக்கரத்துக்குப் போகும் தண்டு வளையத்தோடு சேர்ந்தது. நடுச்சக்கரத்தை அசையாமல் பிடித்துவிட்டால் கட்டைமேல் தாம்பாளம் முந்துகிற மாதிரி வளையம் முந்தும். நடுச்சக்கரம் சிறியது, வளையம் பெரியது. அதனால் இரண்டு மடங்கு முந்தாது, இந்த வண்டியில் கால் பங்குதான் கூடும். மேடையும் தாம்பாளத்தோடு சேர்ந்தே நகர்ந்தால் யாரும் யாரையும் முந்த முடியாது. அதுதான் சாதாரண டாப் கியர்.

நடுச்சக்கரத்தைப் பிடிப்பது கூம்பு வடிவக் கிளட்ச். ஸ்பிரிங்குகள் அதை ஒரு பக்கம் அழுத்தி வளையத்தோடு பூட்டி வைத்திருக்கும். எண்ணெய் அழுத்தம் வந்ததும் அது மறுபக்கம் நகர்ந்து, வெளியே இருக்கும் பிரேக் வளையத்தில் போய்க் கவ்வும். நடுச்சக்கரம் நின்றுவிடும். எவர்சில்வர் டம்ளர் ஒன்றுக்குள் ஒன்று இறுகுகிற அதே பிடிப்பு. மோட்டார் வண்டிகளின் தொடக்க காலத்தில் என்ஜின் கிளட்சே இப்படிக் கூம்பாகத்தான் இருந்தது. அதன்மேல் ஒட்டியிருந்தது தோல். தோலுக்குப் பேர்போன ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்துக்காரனான எனக்கு அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது? கியர்பாக்ஸ் தண்டே ஒரு சின்ன பம்பை ஓட்டுகிறது. வீட்டு குக்கரில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம். இங்கே 400 பவுண்டுக்கு மேல். அந்த எண்ணெயைத் தடுத்து நிற்பது ஓர் எஃகுக் குண்டு, குக்கர் வெயிட் மாதிரி. ஸ்விட்ச் போட்டதும் சோலினாய்டு என்ற மின்காந்தம் ஒரு நெம்புகோலை இழுக்கும். அது குண்டைத் தூக்கிவிடும். எண்ணெய் கிளட்சுக்குப் பாயும்.

வெயிட்டுக்கு அடியில் ஒரு பருக்கை சிக்கினால் ஆவி புஸ்ஸென்று கசிந்துகொண்டே இருக்கும், விசில் வராது. குண்டு உட்காரும் இடத்தில் மண் சேர்ந்தாலும் அப்படித்தான். நீராவிக் குழாயில் பருப்பு அடைத்தால் குக்கர் அடங்காது. ஓவர்டிரைவை எடுத்தபின் எண்ணெய் வடிவதற்கு, குண்டைத் தூக்கும் வால்வுத் தண்டில் ஊசி முனை அளவு ஒரு துளை உண்டு. அது அடைத்தால் ஓவர்டிரைவ் போட்டது போட்டபடியே நிற்கும். அப்படி நின்றுவிட்ட வண்டியை ரிவர்ஸ் எடுக்கவே கூடாது. உள்ளே உடைந்துவிடும். ஆள் வைத்துப் பின்னால் தள்ளவும் கூடாது. கூம்பு பிரேக் வளையத்திலேயே ஒட்டிக்கொள்வதும் உண்டு. சிக்கிய டம்ளரைத் தட்டி எடுப்பதுபோல, வளையத்தை வெளியிலிருந்து தோல் சுத்தியலால் தட்டி விடுவிக்கலாம். இரும்புச் சுத்தியல் ஆகாது.

நண்பரின் வண்டியில் முதலில் ஆயில் பார்த்தோம். கியர்பாக்ஸுக்கும் ஓவர்டிரைவுக்கும் ஒரே எண்ணெய்தான். கொஞ்சம் குறைந்தாலும் கியர் ஓடும், ஓவர்டிரைவ் விழாது. அளவு சரியாக இருந்தது. வழவழப்பைக் கூட்டும் மருந்து எதையும் ஊற்றவில்லையே என்று கேட்டுக்கொண்டேன். ஊற்றினால் கூம்பு வழுக்கும்.

அடுத்தது காது. என்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி, டாப் கியரில் போட்டு ஸ்விட்சைத் தட்டச் சொன்னேன். 'டக்' என்ற சத்தமே இல்லை. எண்ணெய் வரைக்கும் விஷயம் போகவில்லை, மின்சாரத்திலேயே நின்றுவிட்டது என்று புரிந்தது. இந்த வண்டியில் கியர்பாக்ஸ் மூடியை உள்ளேயிருந்தே கழற்றலாம். மூன்றாவது, நாலாவது கியரில் மட்டும் கரண்டை விடும் ஸ்விட்ச் கியர்பாக்ஸ் தலையில் இருக்கிறது. அதற்கு வரும் ஒயர் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. விரலால் மடக்கினால் துணி மாதிரி துவண்டது. உறைக்குள்ளே செம்பு அறுந்திருந்தது. அரையடி ஒயர் மாற்றியதும் 'டக்' கேட்டது.

அதோடு மூடியைப் போட்டுவிடக் கூடாது. சோலினாய்டில் இரண்டு சுருள்கள். நிறைகுடத்தைத் தரையிலிருந்து தூக்க முழுப் பலம் வேண்டும். இடுப்பில் ஏறிவிட்டால் ஒரு கை போதும். முதல் சுருள் 15 ஆம்பியருக்கு மேல் இழுத்துத் தூக்கும். முழுதாக இழுத்ததும் அது விலகி, இரண்டாவது சுருள் ஓர் ஆம்பியரில் தாங்கும். நெம்புகோல் அளவு தப்பி, குடம் இடுப்புக்கு ஏறாவிட்டால் முதல் சுருள் விடாமல் இழுத்துக் கருகிப்போகும். புது சோலினாய்டு போட்டும் திரும்பத் திரும்ப எரிகிறது என்பவர்கள் இங்கேதான் பார்க்க வேண்டும். நெம்புகோலில் ஒரு துளை, கூட்டில் ஒரு துளை. சோலினாய்டு இழுத்திருக்கும்போது 3/16 அங்குல டிரில் பிட்டின் தண்டு இரண்டிலும் நேராக நுழைய வேண்டும். எங்களுக்கு அரைத் துளைதான் தெரிந்தது. நட்டைத் தளர்த்தி, நெம்புகோலை மயிரிழை நகர்த்தியதும் தண்டு வழுக்கிக்கொண்டு போனது.

குண்டுவரைக்கும் போக வேண்டியிருந்தால் ஒன்று செய்திருப்போம். ஆவி அடங்காமல் குக்கரைத் திறக்கக் கூடாது இல்லையா? அதேபோல, என்ஜின் நின்றிருக்க ஸ்விட்சைப் பத்துப் பன்னிரண்டு முறை போட்டு எடுத்து அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் வால்வு மூடியில் ஸ்பேனர் வைக்க வேண்டும். 400 பவுண்டு எண்ணெய் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மாலையில் ஆற்காடு தாண்டி வேலூர் நெடுஞ்சாலையில் ஏறினோம். டாப் கியரில் என்ஜின் சுழற்சியைக் காட்டும் முள் 3000-இல் நின்றது. நண்பர் ஸ்விட்சைத் தட்டினார். அரை விநாடி ஒன்றுமில்லை. பிறகு வண்டி மெல்ல முன்னே தள்ளியதுபோல் ஓர் அசைவு. முள் 2400-க்கு இறங்கியது. வேகம் குறையவில்லை, என்ஜின் இரைச்சல் மட்டும் அடங்கியது. அதுவரை கத்திப் பேசிக்கொண்டு வந்தவர் தாழ்ந்த குரலில், "அந்தத் தாம்பாளத்த இன்னொரு தரம் காட்டுங்க" என்றார்.