மாதிரி விமானமும் ஒரு துளி எண்ணெயும்

மின்மோட்டரால் இயங்கும் மாதிரி விமானங்களைப் பறக்கவிடுவது பல நாடுகளிலே சிறுவர்க்கும் பெரியோர்க்கும் உரிய பொழுதுபோக்காய் வளர்ந்திருக்கின்றது. 1957ஆம் ஆண்டு யூன் மாதம் 30ஆந் திகதி, இங்கிலாந்திலே கேணல் ரப்ளின் என்பார், வெள்ளி-நாகப் பற்றரியும் மின்மோட்டரும் பூட்டிய ‘றேடியோ குயின்’ என்னும் மாதிரி விமானத்தை வானொலி அலைகளாற் கட்டுப்படுத்திப் பறக்கவிட்டார். மூன்றாண்டுகள் கழித்து, 1960இல், மேற்கு ஜேர்மனியின் கிறௌப்னர் நிறுவனம், பிறெட் மிலிற்கி அமைத்த ‘சிலென்சியுஸ்’ என்னும் மாதிரியை விற்பனைக்கு விட்டது. ஓசையற்றது என்னும் பொருள் தொனிக்க இட்ட பெயர் அது. அதன் சிறு மோட்டரோடு ஒரு பற்சில்லுத் தொகுதியும் இணைந்திருந்தது. அத்தகைய பற்சில்லுகளைப் பற்றியும், அவற்றுக்கு இடவேண்டிய எண்ணெயைப் பற்றியுமே இப்பேச்சு அமைகின்றது.

மோட்டரின் இயல்பு ஒன்று. சுழல்விசிறியின் இயல்பு வேறொன்று. சிறிய மின்மோட்டர் மிக விரைவாகச் சுழலும்போதே தான் பெறும் மின்சத்தியை வீணாக்காது வேலையாக மாற்றவல்லது. விசிறியோ, அகன்றதாயும் மெதுவாகச் சுழல்வதாயும் இருக்கும்போதே, மிகுதியான காற்றைப் பின்னே தள்ளிக் குறைந்த செலவிற் கூடிய இழுவையைத் தருகின்றது. துள்ளியோடும் கன்றையும் அசைந்து நடக்கும் கிழ எருதையும் ஒரே நுகத்திற் பூட்டுவது போன்ற இச்சிக்கலைத் தீர்த்து வைப்பது பற்சில்லு. மோட்டரின் தண்டிலே பத்துப் பற்களையுடைய சிறு சில்லையும், விசிறியின் தண்டிலே முப்பது பற்களையுடைய பெருஞ் சில்லையும் பூட்டினால், மோட்டர் நிமிடத்துக்கு 15,000 முறை சுழல, விசிறி 5,000 முறை சுழலும். வேகம் மூன்றிலொன்றாகக் குறைய, முறுக்குவிசை ஏறத்தாழ மும்மடங்காகும். ஏறத்தாழ என்று சொல்வதற்குக் காரணம், இடையிலே உராய்வு தன் பங்கைக் கவர்ந்துகொள்வதே.

இக்காலத்திலே, மெதுவாகச் சுழன்று மிகுந்த முறுக்குவிசை தரவல்ல தூரிகையில்லா மோட்டர்கள் வந்து, பல விமானங்களில் விசிறியை நேரே சுழற்றுகின்றன. எனினும் பற்சில்லு மறைந்துவிடவில்லை. உள்ளங்கையில் அடங்கும் சின்னஞ் சிறு விமானங்களிலும், மாதிரி ஹெலிகொப்டர்களிலும், போட்டிக்குரிய மோட்டர்ச் சறுக்கு விமானங்கள் சிலவற்றிலும் அஃது இன்றும் இருக்கின்றது. சறுக்கு விமானங்களிலே, நடுவிலுள்ள சில்லைச் சுற்றி மூன்று நான்கு சில்லுகள் ஞாயிற்றைச் சுற்றும் கோள்கள் போல உருளும் அமைப்பே பெரிதும் விரும்பப்படுகின்றது. அதனைக் கோட்சில்லுப் பெட்டி எனலாம்.

பற்சில்லின் பற்கள் ஒன்றன்மேலொன்று உருள்கின்றன என்றே பலரும் எண்ணுவர். இரு சில்லுகளின் மையங்களையும் இணைக்கும் கோட்டைத் தொடுமிடம் கடந்து செல்லும் அந்த ஒரு கணத்திலேதான் தூய உருளல் நிகழ்கின்றது. அதற்கு முன்னும் பின்னும் ஒரு பல் மற்றதன் முகத்திலே வழுக்கித் தேய்கின்றது. மேற்சொன்ன மோட்டரின் சிறு சில்லிலே ஒவ்வொரு பல்லும் செக்கனுக்கு 250 முறை இவ்வாறு உராய்கின்றது. பத்து நிமிடப் பறப்பிலே அஃது ஒன்றரை இலட்சம் முறையாகும். உராய்வு வெப்பமாகின்றது, வெப்பம் நைலோன் பற்களை மென்மையாக்குகின்றது, மென்மையான பல் வளைந்து அடுத்ததன்மேல் ஏறிச் சிதைகின்றது. பற்கள் உதிர்ந்தால் மோட்டர் பாரமின்றி வீரிட்டுச் சுழலும். விசிறிக்கோ வலு கிட்டாது. விமானம் உயரத்தில் இருந்தாற் சறுக்கியேனும் இறங்கும். புறப்பட்டு மேலேறும் வேளையிலே, பனையுயரங்கூட எட்டுமுன் அது நிகழுமாயின், நிற்பவர் தலைமேல் விழவுங் கூடும்.

எண்ணெய் உராய்வை எவ்வாறு குறைக்கின்றது என்பது நெடுங்காலம் புலப்படாதிருந்தது. 1883ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலே ரவர் என்னும் பொறியியலாளர் புகையிரத அச்சுக்களின் போதிகைகளை ஆராய்ந்தார். போதிகை என்பது சுழலும் அச்சைத் தாங்கும் உறுப்பு. பேச்சு வழக்கிலே ‘பெயரிங்’ என்பர். எண்ணெய் இடுவதற்கென்று போதிகையின் மேற்பாகத்தில் அவர் துளைத்த துவாரத்தினூடே, எண்ணெய் உட்செல்வதற்குப் பதிலாக மேலே பொங்கி வழிந்தது. துவாரத்தைத் தக்கையால் அடைத்தார். தக்கை வெளியே தள்ளப்பட்டது. மரமுளையால் அடைத்தார், அதுவும் நிற்கவில்லை. சுழலும் அச்சானது எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று, ஒடுங்கிய இடைவெளியிலே நெருக்க, அங்கு எழும் அமுக்கமே போதிகையின் பாரம் முழுவதையும் தாங்கி நிற்கின்றது. இதனை 1886இல் ஒஸ்போண் றெயினோல்ட்ஸ் கணித முறையால் விளக்கினார். உலோகம் உலோகத்தைத் தொடுவதில்லை. இடையே எண்ணெய்ப் படலமொன்று மெத்தையாய்க் கிடக்கின்றது.

சிறு பற்சில்லுகளில் நிலைமை இத்துணை எளிதாயில்லை. இரு பற்கள் கணநேரமே சந்தித்துப் பிரிகின்றன. படலம் முழுமையாக உருவாகாத இடங்களிலே, பல்லின் முகத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய பூச்சே காவலாகின்றது. ஆதலின் இங்கு இடுவது எளிதில் வழிந்தோடாது ஒட்டிக்கொள்ளவும் வேண்டும். பற்கள் ஓடுவதற்குத் தடையாகாதிருக்கவும் வேண்டும்.

பலர் பிழைவிடுவது இடும் அளவிலேதான். சிறிது நன்மை தந்தால் மிகுதி பெருநன்மை தரும் என்று கருதி, பெட்டி நிறையக் கிறீஸை அடைத்துவிடுகின்றனர். சிறு மோட்டருக்கு அது பெருஞ் சுமை. தயிர் கடையும் மத்தைப் போலச் சில்லு அந்தக் கிறீஸைக் கடைந்துகொண்டேயிருக்கும். பற்றரியிலுள்ள சத்தி விசிறிக்குப் போகாது கிறீஸைச் சூடாக்குவதிலே கழியும். ஐயமுடையோர் இதனை அளந்தே பார்க்கலாம். விசிறியைக் கழற்றிவிட்டு, மோட்டரைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, அம்பியர்மானி காட்டும் மின்னோட்டத்தைக் குறித்துக்கொண்டு, பின்பு கிறீஸை நிறைத்து மறுபடி ஓட்டினால், மின்னோட்டம் கூடியிருப்பதைக் காணலாம். ஈர்க்கு நுனியாற் பற்களிலே அங்கங்கே தொட்டு வைக்கும் அளவே போதுமானது. சில்லைக் கையாற் சில முறை சுழற்றினால் அது தானே பரவிக்கொள்ளும். பக்கங்களிற் பிதுங்கி வருவதைத் துடைத்துவிடல் வேண்டும்.

எதனை இடுவது என்பது சில்லு எதனால் ஆயது என்பதைப் பொறுத்தது. உருக்கோடு உருக்கு உராயும் மூடிய கோட்சில்லுப் பெட்டிக்கு, இலித்தியச் சவர்க்காரங் கலந்த இளகிய கிறீஸ் பொருந்தும். கிறீஸ் என்பது, எண்ணெயைத் தன்னுள் ஏந்தி வைத்துச் சிறிது சிறிதாகக் கசியவிடும் சவர்க்காரப் பஞ்சு என்று கொள்ளத்தக்கது. அதன் தடிப்பை 000 முதல் 6 வரை இலக்கமிட்டு வழங்குவர். மோட்டர் வண்டிகளிற் பெரிதும் பயன்படுவது 2ஆம் இலக்கம். சிறு பெட்டிகளுக்கு 0 அல்லது 00 ஏற்றது. நைலோன், பொலியசெற்றல் ஆகிய பிளாஸ்ரிக்குகள் தம்மியல்பாலேயே வழுக்குந் தன்மையுடையன. அவற்றுக்குச் சிலிக்கோன் கிறீஸ் சிறிது இட்டாற் போதும். அதே சிலிக்கோன், உருக்கும் உருக்கும் உராயுமிடத்திற் பாரந்தாங்காது தோற்றுவிடும். பெட்டி பொலிகாபனேற்றால் ஆயதாயின் மேலும் கவனம் வேண்டும். பொருந்தாத எண்ணெயோ கரைப்பானோ பட்டால், திருகாணி இறுகிய இடங்களிலே மயிரிழை போன்ற வெடிப்புக்கள் தோன்றும். இனி, மணற்றரையில் இறங்கும் விமானத்திலே மூடியில்லாத நைலோன் சில்லுகள் இருப்பின், அவற்றை உலரவே விட்டுவிடுவது மேல். கிறீஸில் ஒட்டிய மணல் அரத்தின் வேலையைச் செய்யும்.

1953இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரிலே, ஈரத்தை அகற்றுவதற்கென உருவாக்கப்பட்ட டபிள்யூ.டி-40 என்னும் திரவத்தைச் சிலர் எதற்கும் எடுத்துத் தெளிக்கின்றனர். இறுகிப்போன திருகாணியைக் கழற்ற அது நல்லது. பற்சில்லிலோ நெடுநேரம் நில்லாது. முன்பிருந்த கிறீஸையுங் கழுவிக்கொண்டு போய்விடும். காரீயத் தூளும் பழமையான உலர் மசகே. இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களிற் கிடைக்கும் காரீயத்தின் தரத்தை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆயினும் அது மின்னைக் கடத்தும்; தூரிகையுடைய மோட்டரின் அருகே அதனைத் தூவினால் மின் வழிதவறிப் பாய இடமுண்டு. எண்ணெயுங்கூடத் தண்டு வழியே ஊர்ந்து சென்று, தூரிகைகள் தொடும் செப்புத் துண்டங்களிற் படிந்தால் கரிபிடித்து மோட்டரைக் கெடுக்கும்.

தண்டுகளைத் தாங்கும் போதிகைகள் இருவகை. தூளாக்கிய வெண்கலத்தை அழுத்திச் சுட்டுச் செய்த குழல் ஒருவகை. அதன் நுண்துளைகளிலே, கனவளவில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு எண்ணெய் தேங்கியிருக்கும். சூடேறும்போது அது கசிந்து, ஆறும்போது மீண்டும் உறிஞ்சப்படும். தையல் மெசினுக்கு இடுவது போன்ற மெல்லிய எண்ணெய் எப்போதாவது ஒரு துளி அதற்குப் போதும். கட்டியான கிறீஸைப் பூசினால் துளைகள் அடைபட்டுப் போகலாம். மற்றது குண்டுப் போதிகை. இருபுறமும் மூடியதாயின் அதனைத் தொடவேண்டியதேயில்லை.

இவையாவும், சில்லுகள் சரியான இடைவெளியிலே பூட்டப்பட்டிருந்தால் மட்டுமே பயன்தரும். மிக நெருங்கிய பற்களை எந்த எண்ணெயுங் காப்பாற்றாது. மெல்லிய கடதாசித் துண்டொன்றை இரு சில்லுகளுக்கும் இடையே வைத்து, ஒன்றோடொன்று அழுத்தித் திருகாணிகளை இறுக்கிய பின், சில்லைச் சுழற்றிக் கடதாசியை வெளியே எடுத்துவிட்டால், வேண்டிய சிறு இடைவெளி தானே அமைந்துவிடும். கடதாசி கிழியாது, பல்லின் தடங்கள் மாத்திரம் படிந்து வரவேண்டும்.

புதிய உருக்குப் பெட்டியின் முதல் ஐந்தாறு பறப்புகளிலே, பற்கள் ஒன்றுக்கொன்று இணங்கும்போது நுண்ணிய உலோகத் துகள்கள் உதிர்ந்து கிறீஸிற் கலக்கும். அப்போது பெட்டியைத் திறந்து பழையதை முற்றாகத் துடைத்துப் புதியதை இடவேண்டும். அதன் பின்னர் செவியே போதிய வழிகாட்டி. சீரான ரீங்காரம் கரகரப்பாக மாறுமாயின், மோட்டரை உடனே நிறுத்தி, விமானத்தைச் சறுக்கி இறக்கிப் பெட்டியைத் திறந்து பார்த்தல் வேண்டும். கிறீஸ் கறுத்து அதனிடையே மினுமினுப்புத் தெரிந்தால், பற்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்திற் பிடித்து நோக்கிய பின்பே மறுபடி பறக்கவிடலாம்.