சோஹோவின் அரை பைண்ட் கடை

லண்டனின் சோஹோ பகுதியில், டீன் தெருவில் இருக்கிறது ‘ஃப்ரெஞ்ச் ஹவுஸ்’ என்ற பப். பெயரை நம்பி ஏமாற வேண்டாம். 1891இல் அதைத் திறந்தவர் கிறிஸ்டியன் ஷ்மிட் என்ற ஜெர்மானியர். அன்று கடையின் பெயர் ‘யார்க் மின்ஸ்டர்’. அதாவது, வட இங்கிலாந்தின் பேராலயம் ஒன்றின் பெயர்!

முதல் உலகப்போர் மூண்டதும் ஷ்மிட்டை நாடு கடத்திவிட்டார்கள் என்று சோஹோவில் வெகுகாலம் கதை சொன்னார்கள். உண்மையில் அவர் 1911இலேயே இறந்துவிட்டார். கடையை நடத்திவந்த மனைவி, 1914இல் விக்டர் பெர்லெமாண்ட் என்பவருக்கு விற்றார். அவரும் பிரெஞ்சுக்காரர் அல்ல, பெல்ஜியத்துக்காரர்.

பிரெஞ்சு வாசனை வாடிக்கையாளர்களால் வந்தது. இரண்டாம் உலகப்போரில், 1940இல் பிரான்ஸ் வீழ்ந்தபின் லண்டனுக்குத் தப்பிவந்த பிரெஞ்சு வீரர்கள் இங்கே கூடினார்கள். பிரெஞ்சுத் தளபதி தெ கோல், போரைத் தொடர அழைத்த தன் புகழ்பெற்ற ஜூன் 18 வானொலி உரையை இதன் மாடியில்தான் எழுதினார் என்பார்கள். முந்தைய நாள்தான் லண்டனில் வந்திறங்கியவருக்கு அதற்கு நேரம் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான். உரையின் தாக்கத்தில் சந்தேகமில்லை: அதே ஆண்டு செப்டம்பரில் புதுச்சேரியின் பிரெஞ்சு நிர்வாகமும் தெ கோல் பக்கம் சேர்ந்தது.

கடைக்கு முகம் கொடுத்தவர் விக்டரின் மகன் காஸ்டன். 1914இல் அந்தக் கட்டடத்திலேயே பிறந்தவர். இரண்டாம் உலகப்போரில் விமானப்படையில் இருந்துவிட்டுத் திரும்பியவரிடம், சீருடையைக்கூடக் கழற்றவிடாமல் அப்பா கடையை ஒப்படைத்துவிட்டுப் போனாராம். 1951இல் விக்டர் மறைந்தபின் காஸ்டன்தான் எல்லாம். முறுக்கிய பெரிய மீசை. பெண்கள் வந்தால் கையில் முத்தமிட்டு வரவேற்பு. காசில்லாத எழுத்தாளர்களின் காசோலையை வாங்கிக்கொண்டு பணம் கொடுப்பார். வம்பு செய்பவரிடம் குரலை உயர்த்தமாட்டார். நம் இருவரில் ஒருவர் வெளியேறியாக வேண்டும், அது நானில்லை என்று பணிவாகச் சொல்லுவார். ஓவியர்கள் ஃபிரான்சிஸ் பேக்கனும் லூசியன் ஃப்ராய்டும் இங்கே குடித்தவர்கள்.

1984 ஜூலையில் யார்க் பேராலயம் தீப்பிடித்தது. பெயர் ஒன்றாக இருந்ததால், சீரமைப்புக்கென மக்கள் அனுப்பிய நன்கொடையில் கொஞ்சம் இந்த மதுக்கடைக்கு வந்து சேர்ந்தது! ஊரார் முன்பே ‘ஃப்ரெஞ்ச்’ என்றுதான் அழைத்துவந்தார்கள். அதன்பின் அதுவே பெயர்ப்பலகையிலும் ஏறியது.

1989 ஜூலை 14, பிரெஞ்சு தேசிய நாள் பார்த்து ஓய்வுபெற்றார் காஸ்டன். பொறுப்பேற்ற லெஸ்லி லூயிஸ் பழைய சட்டங்களைத் தளர்த்தவில்லை. டிவி கிடையாது, பாட்டு கிடையாது, கைப்பேசிக்கும் தடை. பீர் கேட்டால் அரை பைண்ட், சுமார் 284 மில்லி, அவ்வளவுதான். முழு பைண்ட் ஆண்டில் ஒரே நாள் கிடைக்கும்: ஏப்ரல் 1.