நிறை சமம், கனமும் சமமா? கோல்ப் மட்டைகளும் விசையின் திருப்பமும்

க.பொ.த. (சாதாரண தரம்) – விஞ்ஞானம்
அலகு: விசையின் திருப்பம்

விசையின் திருப்பம் என்றவுடன் கதவு, திருகுசாவி, சீசோ ஆகிய மூன்றுமே பெரும்பாலான மாணவர்களின் நினைவுக்கு வருகின்றன. இவை நல்ல உதாரணங்களே. ஆனால் பரீட்சை வினா எப்பொழுதும் இம்மூன்றுக்குள் அடங்கி நிற்பதில்லை. முன்பின் பார்த்திராத ஒரு பொருளைப் படமாக வரைந்து, அதன் திருப்பத்தைக் கணிக்குமாறு கேட்கப்பட்டால், உதாரணத்தை மட்டும் மனனம் செய்தவர் தடுமாறுவார். தத்துவத்தை விளங்கியவர் புள்ளியைப் பெறுவார். எனவே இக்கட்டுரையில் நமக்கு அதிகம் பழக்கமில்லாத ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். அதுவே கோல்ப் மட்டை.

1. பிரச்சினை என்ன?

கோல்ப் விளையாட்டில் ஒருவர் ஒரு மட்டையை மட்டும் பயன்படுத்துவதில்லை. 1938இல் அமெரிக்காவிலும் 1939இல் பிரித்தானியாவிலும் நடைமுறைக்கு வந்த விதியின்படி, ஒரு வீரர் ஆகக்கூடியது 14 மட்டைகளை எடுத்துச் செல்லலாம். பந்தை மிகத் தூரம் அடிப்பதற்கான ‘டிரைவர்’ மட்டை ஏறத்தாழ 114 செ.மீ. நீளமானது. குழிக்கு அண்மையில் பந்தை உயர்த்தி அடிப்பதற்கான ‘வெட்ஜ்’ மட்டை ஏறத்தாழ 89 செ.மீ. நீளமானது. ஏனையவற்றுட் பெரும்பாலானவை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நீளங்களைக் கொண்டவை.

ஒவ்வொரு மட்டைக்கும் பிடி, தண்டு, தலை என மூன்று பகுதிகள் உண்டு. வீரர் ஒரு மட்டையை வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கும்போது, கையில் உணரப்படும் கனம் மாறினால் வீச்சின் வேகமும் நேரமும் மாறிவிடும்; பந்து குறி தவறும். ஆகவே ஒரு வீரருக்கென மட்டைத் தொகுதி ஒன்றைச் செய்து கொடுக்கும் தொழில்வினைஞரின் முக்கியமான வேலை, நீளம் வேறுபட்ட மட்டைகள் யாவற்றையும் கையில் ஒரே விதமாக உணரச் செய்வதாகும். இதனை எவ்வாறு செய்வது?

2. நிறையைச் சமப்படுத்தினால் போதுமா?

‘எல்லா மட்டைகளையும் தராசில் நிறுத்து, ஒரே நிறை உள்ளனவாகச் செய்தால் போதும்’ என நீங்கள் விடையளிக்கலாம். இது பிழையான விடையாகும். ஏன் என்பதை ஒரு சிறு செயற்பாட்டின் மூலம் அறிவோம்.

செயற்பாடு: ஒரு மீற்றர்க் கோலின் ஒரு முனையை ஒரு கையால் பிடித்து, கோலைக் கிடையாக வைத்திருங்கள். 50 கிராம் திணிவொன்றை பிடித்த முனையிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் நூலினால் கட்டுங்கள். பின்னர் அதனை 50 செ.மீ., 90 செ.மீ. தூரங்களுக்கு நகர்த்துங்கள்.

கோலினதும் கட்டிய திணிவினதும் மொத்த நிறை மூன்று தடவையும் ஒன்றே. எனினும் மணிக்கட்டு உணரும் கனம் கூடிக்கொண்டே செல்கிறது. இதற்கான காரணத்தைச் சமன்பாடு காட்டுகிறது.

விசையின் திருப்பம் = விசை × சுழற்சிப் புள்ளியிலிருந்து விசையின் தாக்கக் கோட்டுக்குள்ள செங்குத்துத் தூரம்

50 கிராம் திணிவின் நிறை 0.5 நியூற்றன் ஆகும் (புவியீர்ப்பு ஆர்முடுகல் 10 எனக் கொள்க). எனவே கட்டிய திணிவினால் ஏற்படும் திருப்பங்கள்:

20 செ.மீ. இல்: 0.5 × 0.2 = 0.10 நியூற்றன் மீற்றர்
50 செ.மீ. இல்: 0.5 × 0.5 = 0.25 நியூற்றன் மீற்றர்
90 செ.மீ. இல்: 0.5 × 0.9 = 0.45 நியூற்றன் மீற்றர்

நிறை மாறவில்லை, திருப்பம் நாலரை மடங்காகியது. கையில் உணரப்படும் கனம் நிறையில் மட்டும் தங்கியிருப்பதில்லை, அந்நிறை எங்கே அமைந்துள்ளது என்பதிலும் தங்கியுள்ளது என்பது இதிலிருந்து தெளிவாகிறது. கிரிக்கெட் துடுப்பைப் பிடிப்பவர்கள் இதனை நன்கு அறிவர். ஒரே நிறையுள்ள இரு துடுப்புகளுள் கீழ்ப்புறம் மரம் கூடுதலாக உள்ளது கையில் கனமாக இருக்கும்.

3. திருப்பத்தை அளக்கும் தராசு

இவ்வுண்மையைப் பயன்படுத்தி 1920களில் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த றொபேட் அடம்ஸ் என்பவர் ‘லோரித்மிக்’ என்னும் தராசை உருவாக்கினார். இதில் மட்டை கிடையாக வைக்கப்படும். பிடியின் முனையிலிருந்து 14 அங்குலத்தில், அதாவது ஏறத்தாழ 35.6 செ.மீ. தூரத்தில் பொறுதி அமையும். மட்டையின் தலைப்பக்கம் கீழே சாய முயலும். பிடிப்பக்கத்தில் உள்ள நகரும் நிறையொன்றைத் தள்ளிச் சமநிலை பெறப்படும். சமநிலையில் வலஞ்சுழித் திருப்பமும் இடஞ்சுழித் திருப்பமும் சமமாதலால், நகரும் நிறை நிற்கும் இடத்தைக் கொண்டே மட்டையின் திருப்பத்தை வாசிக்கலாம். இவ்வாறு பெறப்படும் அளவு ‘சுவிங் வெயிட்’ எனப்படும். பெயரில் வெயிட் என்று இருப்பினும் அது நிறையன்று, திருப்பம் ஆகும்.

இவ்வளவை ஏ முதல் ஜீ வரையான ஆங்கில எழுத்துகளாலும், ஒவ்வோர் எழுத்தின் கீழும் 0 முதல் 9 வரையான எண்களாலும் குறிப்பர். டீ-0 என்பது 213.5 அவுன்ஸ் அங்குலம். ஒரு படி 1.75 அவுன்ஸ் அங்குலம். நமது அலகில் ஒரு படி ஏறத்தாழ 0.0126 நியூற்றன் மீற்றர் ஆகும்.

4. தலையின் திணிவு ஏன் மாறுகிறது?

பின்வரும் மூன்று மட்டைகளையும் நோக்குக. தலை, தண்டின் நுனியில் உள்ளதெனக் கொண்டு, அதன் திணிவைப் பொறுதியிலிருந்து அதற்குள்ள தூரத்தால் பெருக்குவோம். தலைகளின் திணிவுகள் வழக்கமான அண்ணளவுப் பெறுமானங்களாகும்.

டிரைவர்: நீளம் 114 செ.மீ.; தலை 200 கிராம்; 200 × 78.4 = 15 680 கிராம் செ.மீ.
5ஆம் இலக்க இரும்பு மட்டை: நீளம் 96.5 செ.மீ.; தலை 256 கிராம்; 256 × 60.9 = 15 590 கிராம் செ.மீ.
வெட்ஜ்: நீளம் 89 செ.மீ.; தலை 300 கிராம்; 300 × 53.4 = 16 020 கிராம் செ.மீ.

நீளம் குறையக் குறையத் தலையின் திணிவு கூடுகிறது. ஆனால் பெருக்கம் பெரிதாக மாறவில்லை. தூரத்தில் குறைந்ததை நிறையில் ஈடுசெய்திருக்கிறார்கள். இதனாலேயே இரும்பு மட்டைத் தொகுதியில் நீளம் அரை அங்குலம் குறையும் ஒவ்வொரு தடவையும் தலையின் திணிவை ஏறத்தாழ 7 கிராமால் கூட்டுவது வழக்கம்.

5. தீர்க்கப்பட்ட உதாரணம்

வினா: ‘அ’, ‘ஆ’ என்னும் இரு மட்டைகளின் திணிவும் 420 கிராம் ஆகும். பிடி முனையிலிருந்து புவியீர்ப்பு மையத்துக்குள்ள தூரம் ‘அ’வில் 72.2 செ.மீ., ‘ஆ’வில் 70.0 செ.மீ. பொறுதி பிடி முனையிலிருந்து 35.6 செ.மீ. இல் உள்ளது.
(i) ஒவ்வொரு மட்டையினதும் நிறையால் பொறுதி பற்றி ஏற்படும் திருப்பத்தைக் காண்க.
(ii) ‘ஆ’வின் திருப்பத்தை ‘அ’வினதற்குச் சமமாக்குவதற்கு, பொறுதியிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் அதன் தலையில் ஒட்டவேண்டிய ஈய நாடாவின் திணிவு யாது?

விடை:
மட்டையின் நிறை = 0.42 × 10 = 4.2 நியூற்றன்
(i) ‘அ’: தூரம் = 72.2 – 35.6 = 36.6 செ.மீ. = 0.366 மீற்றர்
திருப்பம் = 4.2 × 0.366 = 1.537 நியூற்றன் மீற்றர்
‘ஆ’: தூரம் = 70.0 – 35.6 = 34.4 செ.மீ. = 0.344 மீற்றர்
திருப்பம் = 4.2 × 0.344 = 1.445 நியூற்றன் மீற்றர்
(ii) தேவைப்படும் மேலதிகத் திருப்பம் = 1.537 – 1.445 = 0.092 நியூற்றன் மீற்றர்
நாடாவின் நிறை × 0.60 = 0.092
நாடாவின் நிறை = 0.153 நியூற்றன்
நாடாவின் திணிவு = ஏறத்தாழ 15 கிராம்

கவனிக்க: புவியீர்ப்பு மையம் 2.2 செ.மீ. மட்டும் விலகியதால் ஏற்பட்ட வேறுபாடு, சுவிங் வெயிட் அளவில் ஏழு படிகளுக்கும் மேலாகும். தலையில் ஏறத்தாழ 2 கிராம் ஒட்டினால் ஒரு படி கூடும். பிடியில் ஏறத்தாழ 5 கிராம் சேர்த்தால் ஒரு படி குறையும். பிடி பொறுதிக்கு மறுபக்கத்தில் இருப்பதால் அதன் திருப்பம் எதிர்த்திசையில் அமைகிறது. பொறுதிக்கு அண்மையில் இருப்பதால் கூடிய திணிவு தேவைப்படுகிறது.

6. தராசு சொல்லாத உண்மை

இப்பகுதியை நிதானமாக வாசியுங்கள். ஓர் அளவீட்டு உபகரணம் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்று கேட்கத் தெரிந்தவரே விஞ்ஞானம் கற்றவராவார்.

மேற்கூறிய ‘அ’ மட்டையின் பிடிக்குள், முனையிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் 30 கிராம் திணிவொன்றைச் செருகுவோம். பொறுதியிலிருந்து அதற்குள்ள தூரம் 30.6 செ.மீ. அது எதிர்த்திசையில் 0.3 × 0.306 = 0.092 நியூற்றன் மீற்றர் திருப்பத்தைத் தரும். எனவே தராசு ‘மட்டை ஏழு படி இலேசாகிவிட்டது’ எனக் காட்டும். ஆனால் மட்டையின் திணிவோ 420 கிராமிலிருந்து 450 கிராமாகக் கூடியுள்ளது! தலையில் எந்த மாற்றமும் இல்லை.

இம்முரண்பாட்டுக்கு இரு காரணங்கள் உள்ளன. முதலாவது, வீரர் மட்டையை 35.6 செ.மீ. இல் உள்ள ஒரு புள்ளி பற்றிச் சுழற்றுவதில்லை. கைகள் இருப்பது பிடியிலேயே. பொறுதியின் இடம் தராசைச் செய்தவர் தெரிந்தெடுத்த ஓர் இடம் மட்டுமே. இரண்டாவது, தராசில் மட்டை ஓய்வில் இருக்கிறது. விளையாட்டில் அது சுழல்கிறது.

மேலதிக அறிவுக்கு: ஒரு பொருளைச் சுழலச் செய்வதற்கு அது காட்டும் எதிர்ப்பைச் சடத்துவத் திருப்பம் என்பர். ஒரு சிறு திணிவுக்கு இது திணிவு × (தூரம்)² ஆகும். தூரம் வர்க்கிக்கப்படுவதைக் கவனிக்க. பிடி முனை பற்றித் தலைக்கு மட்டும் இதனைக் கணித்தால், டிரைவருக்கு 0.2 × 1.14² = 0.260 கிலோகிராம் மீற்றர்² எனவும், வெட்ஜுக்கு 0.3 × 0.89² = 0.238 கிலோகிராம் மீற்றர்² எனவும் வரும். தராசில் வெட்ஜின் தலை சற்றுக் கூடிய திருப்பத்தைக் கொண்டிருந்தது. சுழற்றும்போதோ டிரைவரின் தலையே ஏறத்தாழ 9% கூடிய எதிர்ப்பைக் காட்டுகிறது. இதனால் இன்று சில தொழில்வினைஞர்கள் சுவிங் வெயிட்டுக்குப் பதிலாகச் சடத்துவத் திருப்பத்தைச் சமப்படுத்துகின்றனர். மட்டையை ஊசல் போல ஆடவிட்டு, அலைவு காலத்தை அளந்து இதனைக் கணிக்கலாம்.

தண்டின் வளையும் தன்மையும் உணர்வைப் பாதிக்கும். பிடியை இறுகப் பொருத்தித் தலையை இழுத்து விட்டால் தண்டு அதிரும். ஒரு நிமிடத்தில் ஏற்படும் அதிர்வுகளை எண்ணி, தொகுதியிலுள்ள தண்டுகளின் மீடிறன்களை ஒழுங்குபடுத்துவர். அலைகள் அலகில் நீங்கள் கற்ற மீடிறனே இங்கும் பயன்படுகிறது.

இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்க வீரரான பிரைசன் டிஷாம்போ, பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்றவர். அவர் தமது இரும்பு மட்டைகள் யாவற்றையும் 37.5 அங்குலம் (ஏறத்தாழ 95 செ.மீ.) என்னும் ஒரே நீளத்தில் அமைத்துக்கொண்டார். நீளமும் தலையின் திணிவும் சமமானால் நிறை, திருப்பம், சடத்துவத் திருப்பம் மூன்றும் ஒருங்கே சமமாகும். 2020, 2024 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்கத் திறந்த கோல்ப் போட்டியில் அவர் வெற்றி பெற்றார்.

7. மாணவர் விடும் பொதுவான பிழைகள்

• திணிவைக் கிராமில் வைத்துக்கொண்டே நியூற்றன் மீற்றரில் விடை எழுதுதல். முதலில் கிலோகிராமுக்கும், பின்னர் நியூற்றனுக்கும் மாற்றுக.
• தூரத்தைப் பிடி முனையிலிருந்து எடுத்தல். தூரம் எப்பொழுதும் சுழற்சிப் புள்ளியிலிருந்தே அளக்கப்பட வேண்டும்.
• திருப்பத்தின் அலகை நியூற்றன் என எழுதுதல். நியூற்றன் மீற்றர் என்பதே சரி.
• வலஞ்சுழி, இடஞ்சுழி எனத் திசையைக் குறிப்பிடாமல் விடுதல்.

8. பயிற்சி வினாக்கள்

(1) 400 கிராம் திணிவுள்ள மட்டையொன்றின் புவியீர்ப்பு மையம் பிடி முனையிலிருந்து 73.6 செ.மீ. இல் உள்ளது. 35.6 செ.மீ. இல் உள்ள பொறுதி பற்றி அதன் நிறையின் திருப்பத்தைக் காண்க.
(2) அம்மட்டையின் தலையில், பொறுதியிலிருந்து 60 செ.மீ. தூரத்தில் 20 கிராம் ஈய நாடா ஒட்டப்பட்டால் புதிய திருப்பம் யாது?
(3) இரு மட்டைகள் தராசில் ஒரே சுவிங் வெயிட்டைக் காட்டுகின்றன. அவை கையில் ஒரே விதமாகவே உணரப்படும் எனக் கூறமுடியுமா? காரணம் தருக.

விடைகள்:
(1) 4.0 × 0.38 = 1.52 நியூற்றன் மீற்றர்.
(2) 1.52 + (0.2 × 0.6) = 1.64 நியூற்றன் மீற்றர்.
(3) கூறமுடியாது. ஒரு புள்ளி பற்றிய திருப்பம் சமமாயினும் மொத்தத் திணிவும், சுழற்சிக்கான எதிர்ப்பும், தண்டின் வளையும் தன்மையும் வேறுபடலாம்.

மூன்றாம் வினாவுக்கு உங்கள் சொந்த வசனத்தில் விடை எழுதிப் பாருங்கள். அதனை எழுத முடிந்தால், வினாத்தாளில் கோல்ப் மட்டைக்குப் பதிலாக மண்வெட்டியோ, சம்மட்டியோ, தூண்டிலோ வந்தாலும் நீங்கள் தயங்க வேண்டியதில்லை. சுழற்சிப் புள்ளி எது, விசை எது, தூரம் எது என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். விடை தானாக வரும்.